வெங்கலத்தாரா

எனக்கு எழுத்து கூடி வராதுங்க. அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திப்போட்டாங்க. கையெழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். முன்னாடி நடந்ததைப் பின்னாடி சொல்லுவேன், சொன்னதையே திரும்பச் சொல்லுவேன். படிக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். ஆருகிட்டயும் நின்னு நாலு வார்த்தை பேசற பழக்கமும் எனக்கு இல்லை. அதைப் பார்த்துட்டுத்தான் மருமகள், "வாயில வராட்டி எழுதிக் குடுங்க அத்தை, நான் டைப் அடிச்சுக்கறேன்" என்றாள். ஒரு விஷயம் எனக்குத் தெரிஞ்சாகணும். அதுக்காக எழுதறேன்.

எங்க வீட்டுக்காரருக்குப் போன மழைக்காலத்துல பக்கவாதம் வந்துருச்சு. சோத்தாங்கையும் சோத்தாங்காலும் விழுந்துருச்சு. ஒரட்டாங்கை மட்டும்தான் வேலை செய்யுது. பேச்சும் போயிருச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டு வந்து கொஞ்ச நாள் அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில நான் கஞ்சி ஊட்டிட்டு இருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டுட்டு, நல்லா இருந்தப்போ பேசினமாட்டயே தெளிவா, "வெங்கலத்தாரா" என்றார்.

தாரான்னா வாத்துங்க. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

பேச்சு வந்துருச்சுன்னு மகனைக் கூப்பிட்டேன். பக்கத்துலதான் தறிக்குடோன். தறியை அப்படியே விட்டுட்டு, தலையெல்லாம் பஞ்சோட ஓடி வந்தான்.

"அப்பா, இன்னொருக்கா சொல்லுங்க."

"வெங்கலத்தாரா."

"நான் ஆருன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

"வெங்கலத்தாரா."

மகன் முகம் சுருங்கிப் போச்சு. தண்ணி வேணுமான்னு கேட்டாலும் அதுதான் பதில். வெளிக்கு வருதான்னு கேட்டாலும் அதுதான். வலிக்குதுன்னு சொல்றதுக்கும் அதுதான்.

டாக்டர்கிட்டச் சொன்னோம். நல்ல மனுசர், பொறுமையாத்தான் சொன்னார். "மூளையில பேச்சு இருக்கற இடத்துல அடி பட்டிருக்கும்மா. சில பேருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மிஞ்சி நின்னுக்கும். சாமி பேரைச் சொல்றவங்க இருக்காங்க, கெட்ட வார்த்தை சொல்றவங்க இருக்காங்க. உங்க வீட்டுல வாத்து. அதுல போய் அர்த்தம் தேடாதீங்க, அது வெறும் சத்தம்தான்."

மகன் சிரிச்சான். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டேன்.

டாக்டர் சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா கூடவே இருக்கறவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தெரிஞ்சு போச்சுங்க. தண்ணிக்குச் சொல்ற வெங்கலத்தாரா மேல ஏறி நிக்கும். பசிக்குச் சொல்றது இழுத்து வரும். வலிக்குச் சொல்றதுல பாதிதான் வெளிய வரும். குழந்தை அழுகையில பெத்தவளுக்குத் தெரியறமாட்ட எனக்கு அதெல்லாம் பழகிப்போச்சு.

பழகாதது ஒண்ணே ஒண்ணுதான். தினமும் பொழுதோட, சாயங்காலம் தறிச்சத்தம் ஷிப்ட் மாத்தறதுக்கு நிக்கும் பாருங்க, அந்தச் சித்த நேரத்துல, அவர் வேற ஒரு குரல்ல சொல்லுவார். மெதுவா, ரகசியம் சொல்றமாட்ட. ஒரட்டாங்கையை நீட்டுவார். விரலை விரிப்பார், மூடுவார். விரிப்பார், மூடுவார். கண்ணுல தண்ணி நிக்கும்.

முதல்ல நான், என் கையைத்தான் கேட்கறாருன்னு நினைச்சேன். இத்தனை வருசத்துல பகல்ல ஒருத்தர் பார்க்க எங்க ரெண்டு பேர் கையும் பட்டதில்லை. கூச்சத்தோடதான் கதவை ஒருக்களிச்சுட்டு என் கையைக் கொண்டுபோய் அவர் கையில வெச்சேன். பிடிச்சார். பிடிச்ச வேகத்துலயே உதறி எறிஞ்சுட்டார். சூடு பட்டமாட்ட. அப்புறமும் கையை நீட்டி, "வெங்கலத்தாரா" என்றார்.

நான் சமையல்கட்டுக்குப் போயி உக்கார்ந்துக்கிட்டேன். அவர் என்ன கேட்கறாருன்னு தெரியாம எத்தனை நாளைக்கு இப்படி? அதைக் கண்டுபிடிச்சே ஆகணும்னு எனக்கு அன்னைக்குத்தான் ஆச்சு.

தாரா எதுக்கு வந்துச்சுன்னு சொல்லிப்போடறேன். எங்க வீட்டுக்காரர் தறி ஓட்டினவர். ஞாயித்துக்கிழமை தறி நிக்கும். மார்கழி, தை மாசங்கள்ல நொய்யல் தண்ணி வர்ற குளத்துக்கு வெளியூர்த் தாராக் கூட்டம் வந்து இறங்கும். அதைப் பிடிக்கிறதுக்கு இவரும் கூட்டாளிக மூணு பேரும் போவாங்க. அப்பவே அது கூடாதுதான். ஆனா அப்போ கேட்கறதுக்கு ஆளில்லை. பின்னாடி வனத்துறை போர்டு வெச்சாங்க, ஆள் போட்டாங்க, இவங்களும் விட்டுட்டாங்க. விட்டதுல எனக்கு நிம்மதிதான். ஈரத் துணியும் சேத்து நாத்தமும் எனக்குத்தானே.

இவங்க துப்பாக்கி தொடமாட்டாங்க. மண்சட்டிதான். முன்னாடியே காலிச் சட்டிகளைக் கவுத்துத் தண்ணியில மிதக்க விட்டுடுவாங்க. தாராக்கள் முதல்ல பயப்படும், அப்புறம் பழகி, சட்டிக்குப் பக்கத்துலயே மேயும். அதுக்கப்புறம் ஒரு நாள் இவங்க ஆளுக்கொரு சட்டியைத் தலையில கவுத்துக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில நடந்து போவாங்க. சட்டியில சின்னதா ஓட்டை. அது வழியாத்தான் மூச்சும் பார்வையும். மேல இருந்து பார்த்தா ஒரு சட்டி மிதந்து வர்றமாட்ட இருக்கும். கிட்டப் போனதும் தண்ணிக்கடியில கையை விட்டு, ரெண்டு காலையும் சேர்த்துப் பிடிச்சுச் சடக்குன்னு உள்ளே இழுத்து இடுப்புக் கயித்துல சொருகிக்கிட்டு, அது மூச்சு முட்டிச் சாகறதுக்குள்ள கரைக்கு வந்துருவாங்க. பக்கத்துத் தாராவுக்கே தெரியாது.

கூட்டாளிகள்ல ஒருத்தர் பாய். கோயமுத்தூர்ல இருந்து எங்க ஊர்த் தறிகளுக்குச் சாமான் கொண்டுவந்து விக்கிறவர். தாரா உசுரோட கிடைச்சாத்தான் அவர் முறைப்படி அறுக்க முடியும்னு, துப்பாக்கிக்காரங்க கூடச் சேராம இவங்க கூடவே சேர்ந்துக்கிட்டார். கரையிலேயே அவர் அறுத்துடுவார். இறகு ஒண்ணு தெருவுல கிடந்தாலும் பேச்சாயிரும்னு தலை, கால், இறக்கை எல்லாத்தையும் அங்கயே புதைச்சுட்டு, உடம்பை வாட்டி, வாழை இலையில கட்டி வீட்டுக்குக் கொண்டு வருவாங்க.

அப்போதான் எனக்குத் தாராவோட பேர் தெரியும். பொட்டலத்தைக் கதவு வழியா நீட்டும்போதே சொல்லுவார்.

"இன்னைக்கு மணியக்காரர் வந்திருக்கறார். மரியாதையா வறுத்துப் போடு."

மணியக்காரர்னா பெரிய தாரா. மூக்கு நுனியில மஞ்சப் பொட்டு வெச்சுக்கிட்டு, எப்பவும் பொண்டாட்டியோட சோடியாத்தான் போகுமாம். ஒண்ணு இருந்தா வீட்டுக்கே போதும். பட்டைக்காரர்னா சின்னது. கண்ணுக்கு மேல விபூதி பூசினமாட்ட வெள்ளைக் கோடு இருக்குமாம். அதோட கொழுப்பு சட்டியில உருகி, எண்ணெயே ஊத்தவேண்டாம். கரண்டின்னு ஒண்ணு, அதுக்கு மூக்கே கரண்டியாம். சேத்து வாடை அடிக்கும். மஞ்சளும் புளியும் போட்டு ஊற வெச்சாத்தான் வாயில வைக்க முடியும். பறக்கும்போது விசிலடிக்கிறதுக்குக் கண்டக்டர்னு பேர். குக்கர்ல எத்தனை விசில் விட்டாலும் வேகாது. நான் சடைச்சுக்கிட்டா, "கண்டக்டர் விசிலுக்குப் பயப்படுவானாக்கும்?" என்பார். ஆளைப் பார்த்ததும் முங்கிக் காணாமப் போற குட்டித் தாராவுக்குச் சீட்டுக்காரன்னு பேர். சீட்டுப் பிடிச்சு ஓடிப்போனவன் ஒருத்தனை மனசுல வெச்சு வெச்ச பேர். அது ஒரு நாளும் எங்க வீட்டுக்கு வந்ததில்லை. நாமக்காரன்னு ஒண்ணு உண்டு. கறுப்பு, நெத்தியில வெள்ளை நாமம். மீன் கவுச்சி அடிக்கும்னு அதை ஆரும் கொண்டுவரமாட்டாங்க. வெறும் கையோட வர்றவனைத் திட்டறதுக்குத்தான் அந்தப் பேர்.

இப்படி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தலையும் காலும் இல்லாத தாராதாங்க. எது எவ்வளவு நேரத்துல வேகும்னு தெரியும். எதுக்கு மொகம் எப்படின்னு தெரியாது. இதுல வெங்கலத்தாராங்கற பேர் ஒரு தரம் கூட பொட்டலத்தோட வந்ததில்லை. நான் சமைச்சதே இல்லை. அதனால அது என்னன்னு எனக்குச் சுத்தமாத் தெரியலை.

மருமகள் போன்ல தேடினாள். அவள் கெட்டிக்காரி, சரவணம்பட்டியில கம்பெனி வேலைக்குப் போய்ட்டு வர்றவள். ராத்திரிச் சோறு முடிஞ்சதும் என் பக்கத்துல உக்கார்ந்து ஒவ்வொரு படமாத் தள்ளுவாள்.

"இதுவா பாருங்க அத்தை? இது?"

"இதுக்குத் தலை இருக்குதே அம்மணி. எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலையணையில முகத்தைப் புதைச்சுக்கிட்டுச் சிரிச்சாள். அப்புறம் பாவம்னு நினைச்சாளோ என்னமோ, தலையை விரலால மறைச்சுக் காட்டினாள். அப்பவும் எனக்குத் தெரியலை. இறகோட இருந்தா எல்லாமே புதுசாத்தான் இருந்துச்சு.

ஒரு படம் மட்டும் பார்த்ததும் எனக்குத் திக்குன்னுச்சு. உடம்பெல்லாம் விளக்கி வெச்ச வெங்கலச் சொம்பு நெறம். இதேதான், இல்லாம அந்தப் பேர் எங்க இருந்து வரும்? மருமகள் அதைப் பெருசா கலர்ல அடிச்சுட்டு வந்து, அவர் கட்டிலுக்கு எதுத்த சுவத்துல ஒட்டினாள். பொழுதோட அவர் கையை நீட்டினப்போ, "அதோ பாருங்க, வந்துருச்சு" என்று காட்டினேன். பார்த்தார். முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டார். அடுத்த நாள் நாங்க கட்டிலை நகர்த்தி அவர் கைக்குப் பக்கத்துலயே ஒட்டி வெச்சோம். அதைப் பிச்சு எடுத்துட்டார். கசக்கிக் கீழே போட்டுட்டார். மருமகள் அதைப் பொறுக்கிட்டுப் போனாள். எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு.

குளத்துக்கே ஒரு தரம் கூட்டிட்டுப் போனோம். இப்போ கரையெல்லாம் கல் பதிச்சு, கம்பி போட்டு, வாக்கிங் போறவங்க நடமாட்டமா இருக்குது. வீல்சேரைக் கம்பி ஓரமா நிறுத்தினோம். தாராக்கள் தூரத்துல கறுப்புக் கறுப்பா இருந்துச்சு, எது எதுன்னு ஆருக்குத் தெரியும்? அவர் தண்ணியை நிமிர்ந்தே பார்க்கலை. தன் கையைப் பார்த்துட்டே இருந்தார். விரிச்சு, மூடி. கடந்து போன ஒரு அம்மா, "தாத்தாவுக்குக் கை எக்சசைஸா? நல்லது நல்லது" என்றாங்க. நான் ஆமாங்கன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?

கூட்டாளிகள்ல ரெண்டு பேர் இப்போ இல்லை. பாய் மட்டும்தான். முழங்கால் தேஞ்சு போயி அவரும் எங்க ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சு. உக்கடம் பக்கம் மகன் வீட்டோட இருக்கறாருன்னு தெரியும். அவருக்குப் போன் பண்ணினா காது கேட்கறதில்லைன்னு அவங்க வீட்டுல சொன்னாங்க. நேர்லதான் போகணும். எனக்கோ அதை நினைச்சாலே கூச்சம். அவர் எங்க வீட்டுக்கு வந்து போன காலத்துல, கதவுக்குப் பின்னால நின்னு காப்பி டம்ளரை நீட்டினதோட சரி. அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனா ஒவ்வொரு பொழுதுக்கும் அந்தக் கை நீளுதே. மருமகள் லீவு போட்டு என்னை பஸ்ல கூட்டிட்டுப் போனாள்.

சின்னச் சந்துக்குள்ள வீடு. பாய் நாற்காலியில உக்கார்ந்திருந்தார். அவங்க மருமகள் குனிஞ்சு காதுல, "சோமனூர்ல இருந்து, உங்க மாப்ள வீட்டம்மா வந்திருக்காங்க" என்று சத்தமாச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரை அவர் மாப்ளன்னுதான் கூப்பிடுவார்.

"அட, தங்கச்சியா! வாங்க வாங்க. இத்தனை வருசமா கதவுக்குப் பின்னாலருந்து வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கறேன். இன்னைக்குத்தான் மொகத்தைப் பார்க்கறேன். உக்காருங்க. மாப்ள எப்படி இருக்கறான்?"

நான் சொன்னேன்.

"என்னங்க?"

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"காது அடைச்சுக்கிச்சு தங்கச்சி. கத்திச் சொல்லுங்க, நம்ம ஊடுதான்."

என் வாழ்க்கையில நான் கத்தினதில்லைங்க. அவங்க வீட்டு மருமகள்களெல்லாம் வாசப்படியில நிக்கறாங்க. சந்துல போறவங்களும் எட்டிப் பார்க்கறாங்க. கண்ணை மூடிக்கிட்டு, "வெங்கலத்தாரா! வெங்கலத்தாராங்கறாருங்ணா! வேற ஒண்ணும் பேசறதில்லை!" என்று கத்திப்போட்டேன்.

பாய் வயிறு குலுங்கச் சிரிச்சார். "அந்தப் பொய்யையா? இன்னுமா அந்தப் பொய்யைச் சொல்லிட்டு இருக்கறான்?"

எங்க மருமகள் அவருக்கு எல்லாத்தையும் மறுபடி காதுகிட்டப் போயி விவரமாச் சொன்னாள். வாதம் வந்தது, பேச்சு போனது, இந்த ஒரு வார்த்தை மட்டும் நின்னது. கேட்கக் கேட்க அவர் சிரிப்பு நின்னு போச்சு. துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம்தான் சொன்னார்.

"ஒரு தரம் மாப்ள கடைசியாக் கரையேறறான். இடுப்புல ஒண்ணுமில்லை. சட்டியைக் கழட்டினா மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. 'புடிச்சேன்டா பாய், கால் கெடச்சுது. வெங்கலம்டா. வெங்கலக் கம்பிமாட்ட சில்லுன்னு, வழவழன்னு. என் கைக்கு அடங்கலை'ங்கறான். என்ன நெறம்னோம். சட்டிக்குள்ளருந்து தெரியலைங்கறான். எம்மாம் பெருசுன்னோம். தெரியலைங்கறான். அப்பறம் என்னத்தைடா புடிச்சே? 'அதான் விட்டுட்டேனே'ங்கறான்." பாய் தலையை ஆட்டினார். "நாங்க விடுவமா? கருவேல வேரைப் புடிச்சுட்டு வந்து தாராங்கறான் பாரு, ஆமைக் காலைப் புடிச்சுட்டு வந்து கதை விடறான் பாருன்னு ஒரே அழும்பு. அவனேதான் வெங்கலத்தாரான்னு பேர் வெச்சான். அதுக்கப்பறம் கல்யாண வீட்டுல பார்த்தாலும், எழவு வீட்டுல பார்த்தாலும், 'ஏன்டா மாப்ள, வெங்கலத்தாரா கெடச்சுதா?'ன்னுதான் கேப்போம். ஆனா அவன் அசையலை தங்கச்சி. அது உண்டுன்னே நின்னான். ஒவ்வொரு தரமும் கடைசியாக் கரையேறறவன் அவன்தான். நாங்க குளுருல பல்லைக் கடிச்சுட்டு அவனைத் திட்டிட்டு நிப்போம்."

அப்படின்னா அது எந்தத் தாரான்னு பாய்க்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. பார்த்தவங்களே கிடையாது. இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தோம்னு எனக்கு ஆயிருச்சு.

மருமகள்தான், படங்கள் காட்டினதையும் அவர் கிழிச்சுப் போட்டதையும் சொன்னாள்.

"படமா? நல்ல கூத்து! தண்ணிக்குள்ள எங்களுக்குக் கண்ணு ஏதும்மா? கையில கால் படணும். கால் பட்டா ஆருன்னு தெரிஞ்சு போகும். பட்டைக்காரர் கால் தீக்குச்சி கணக்கா இருக்கும். கண்டக்டருக்கு நீட்டம். மணியக்காரர் கால் பட்டாலே ஒரு கனம் தெரியும். நாமக்காரனுக்கு விரல் பூராவும் இலை இலையாச் சவ்வு, பட்ட ஒடனே உதறிடுவோம்."

உதறிடுவோம்னு சொல்லும்போது அவர் கையும் உதறிச்சு. நான் அதையே பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் என் கையை உதறினது அதேமாட்டத்தான்.

"அவர் தினமும் கையை இப்படி நீட்டறாருங்ணா" என்று விரலை விரிச்சு மூடிக் காட்டினேன். கத்தாமத்தான் சொன்னேன், ஆனா அவருக்குப் புரிஞ்சுது.

"காத்துல நீட்டினா என்னத்தைப் புடிப்பான் தங்கச்சி? பாவி."

தலை வேண்டாம்னு படத்தை மறைச்சோம், நெறத்தைப் பார்த்தோம். கால் மட்டும் எங்களுக்குத் தோணவே இல்லை. தோணினாலும் என்ன? அந்தக் கால் எங்க வீட்டுக்குள்ள வந்ததே இல்லையே. கரையிலேயே புதைச்சாச்சே.

கிளம்பும்போது பாய், "நான் ஒரு நாட்டு வாத்து வாங்கி மகன்கிட்டத் தாட்டி விடறேன். கையில குடுத்துப் பாருங்க. கொளத்துத் தாராவுக்கு ஈடாகாது, இருந்தாலும்" என்றார்.

சொன்னமாட்டயே அவர் மகன் ஒரு பைக்குள்ள வாத்தைப் போட்டு பைக்ல கொண்டுவந்து குடுத்துட்டுப் போனார். வெள்ளை வாத்து. பையிலிருந்து எடுத்ததும் அது போட்ட சத்தத்துல தறிச்சத்தமே அடங்கிப் போச்சு. நான் உடம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். மருமகள் அவர் கையை எடுத்து வாத்தோட கால்ல வெச்சாள். அவர் பிடிச்சார். ஒரு கணம் அவர் முகம் விடிஞ்சமாட்ட இருந்துச்சு. அப்புறம் உதடு கோணிச்சு. உதறிட்டார்.

அந்த உதறல்ல வாத்து என் கையை விட்டுப் போயி, வீடு பூராவும் ஓடி, புது டைல்ஸ்ல கழிஞ்சு வெச்சு, கடைசியில பூஜை ரூமுக்குள்ள புகுந்துருச்சு.

"ஏனுங்க அத்தை, சாமி படத்துமேல ஏறுதுங்க!" என்று மருமகள் கத்தறாள். சிரிக்கவும் செய்யறாள். மகன் வந்து பார்த்துட்டு, "வீடா இது?" என்று தலையில கையை வெச்சுக்கிட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. அந்தக் களேபரத்துக்கு நடுவுல நான் அவரைப் பார்த்தேன். சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். தோள் மட்டும் குலுங்கிச்சு. அழுதாரா சிரிச்சாரான்னு எனக்குத் தெரியலை.

வாத்தைத் தோட்டத்து வீட்டுக்காரங்களுக்குக் குடுத்தாச்சு. இனி என்ன செய்யறதுன்னு எனக்கு ஒண்ணும் தோணலை. எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. டாக்டர் சொன்னமாட்ட வெறும் சத்தம்தான்னு நினைச்சுக்கலாம்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

இது நடந்தது அதுக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு. சரியாத் தெரியலைங்க. பொழுதோட அவருக்குக் கை கால் துடைக்கணும். துணி அலசற டப்புல வெதுவெதுன்னு தண்ணி ஊத்திக் கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல் மேல வெச்சேன். அவர் ஒரட்டாங்கையில கஞ்சி காஞ்சு ஒட்டியிருந்துச்சு. ஊறட்டும்னு அந்தக் கையை எடுத்துத் தண்ணிக்குள்ள விட்டேன். துணியும் டப்புக்குள்ளதான் கிடந்துச்சு. எடுக்கறதுக்கு நானும் கையை விட்டேன்.

தறிச்சத்தம் நின்னுச்சு.

தண்ணிக்கடியில அவர் விரல் விரிஞ்சுது. என் மணிக்கட்டைச் சுத்தி மூடிச்சு. நான் உதறுவாருன்னு காத்திருந்தேன். உதறலை. விரலை ஒவ்வொண்ணா நகர்த்தி, இறுக்கி, தடவிப் பார்த்தார். கண்ணு ரெண்டும் மேல மோட்டுவளையைப் பார்த்துட்டு இருந்துச்சு. சட்டிக்குள்ள இருக்கறவர்மாட்ட மூச்சை அடக்கி வெச்சிருந்தார்.

"வெங்கலத்தாரா" என்றார். ரகசியம் சொல்றமாட்டத்தான். ஆனா கண்ணுல தண்ணி இல்லை.

அடுப்புல பால் வெச்சிருந்தேன். பொங்கிச் சாயற வாடை வந்துச்சு. எழுந்திரிக்கப் பார்த்தேன், விடலை. விழாத அந்த ஒரு கையில அவ்வளவு பலம். தறி மறுபடி ஓட ஆரம்பிச்சுது. தண்ணி ஆறிப்போச்சு. எனக்கு முழங்கை வரைக்கும் மரத்துப் போச்சு. வேலை முடிஞ்சு வந்த மருமகள் லைட்டைப் போட்டாள். அவள் பார்த்துட்டாளேன்னு எனக்குக் கூச்சமா இருந்துச்சு. ஆனா என்ன பண்றது, பிடியில இருந்தேனே.

"விடச் சொல்லட்டுங்களா அத்தை?" என்றாள்.

வேண்டாம்னு தலையை ஆட்டினேன். அவள் போயி அடுப்பை அணைச்சாள்.

இப்போ தினமும் பொழுதோட டப்புல தண்ணி வெச்சுடறேன். தினமும் பிடிக்கறாருன்னு சொல்லமுடியாது. சில நாள் பிடிப்பார், சில நாள் பிடிச்சு உதறுவார். பிடிச்சிருக்கறப்போ அவர் கையில இருக்கறது நான்தான்னு அவருக்குத் தெரியுதா, அந்தத் தாராவைத்தான் பிடிச்சிருக்கறதா நினைக்கறாரான்னு நானும் எப்படியெப்படியோ அவர் முகத்தைப் பார்த்துட்டேன். தெரியலை. கேட்டா ஒரே பதில்தான் வரும்.

அதனால இதைப் படிக்கிறவங்களை ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. நான் மேல எழுதின பேர்களெல்லாம் சமையல்கட்டுல கேட்டது. கரண்டிக்குச் சொன்னதைக் கண்டக்டருக்குச் சொல்லியிருப்பேன், அடையாளம் தப்பா இருக்கும். தாராக்களைப் பத்தித் தெரிஞ்சவங்க ஆராச்சும் சரி பார்த்துத் திருத்திக்கணும். அதோட, நம்ம பக்கத்துக் குளங்கள்ல வந்து இறங்கற தாராவுல, கையில பிடிச்சா வெங்கலம்மாட்ட சில்லுன்னு, கனமா, வழவழன்னு கால் இருக்கற தாரா ஒண்ணு நெசமாவே உண்டான்னு விசாரிச்சுச் சொல்லணும். பாய் சொன்னமாட்ட வேரா இருந்தாலும் சரி, ஆமையா இருந்தாலும் சரி. உண்டுன்னா அவர் காதுல சொல்லிடுவேன். இல்லைன்னா அவர்கிட்டச் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.